ஓர் ஆள் குறைகிறது

நத்தம் தாண்டி கோபால்பட்டி போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. இரவு ஒன்பதரை இருக்கும். தார்ப்பாய் விரித்தாயிற்று. குட்டியானை வண்டியின் பின்பக்கம் தொங்கவிட்ட பல்பு வெளிச்சத்தில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கையில் நோட்டோடு நின்று எண்ணுகிறேன். 33. திரும்ப எண்ணுகிறேன். 33. குன்றக்குடியிலிருந்து கிளம்பியது 34 பேர். எனக்கு அடிவயிறு கலங்கியது. லாரி போகிற சாலையோரமாக இருட்டில் நடந்து வந்தவர்கள் நாங்கள். யாராவது பின்தங்கி, எங்கேயாவது...

“சாமி, ஒங்கள எண்ணுனீகளா?” படுத்தபடியே கேட்டார் குருசாமி.

தோப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பரமார்த்த குரு கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வீரமாமுனிவர் எழுதியது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறி எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதென்று கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். கடைசியில் ஒரு வழிப்போக்கன் காசு வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு அடி முதுகில் வைத்து எண்ணுகிறான். கணக்கு சரியாகிவிடுகிறது.

அது முட்டாள்களின் கதை. நான் கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிறவன், கூட்டலில் தவறு விடுவதில்லை. ஆனால் ஆறேழு வருடமாக, பழனி நடையில் ஏதாவது ஓர் இரவில் எனக்கு ஓர் ஆள் குறைகிறது.

*

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் பச்சையும் காவியுமாகிவிடும். நகரத்தார் காவடி முன்னே போகும். 400 வருடத்துக்கு மேலான வழக்கம் என்பார்கள். அவர்கள் பழனிக்கு நடந்து போய், நடந்தே திரும்புகிறவர்கள். அந்தக் கட்டுப்பாடு வேறு. எங்களுடையது காவடி இல்லாத சாதாரணக் குழு. தையல்காரர், மளிகைக்கடைக்காரர், சத்துணவு ஆயா, இரண்டு கொத்தனார், ஒரு வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், இட்லிக்கடை ஆத்தா, நான். குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டுக் கிளம்பினால் பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஆறு பகல், ஐந்து இரவு. சுமார் 160 கிலோமீட்டர். வரும்போது பஸ்.

நான் முதலில் நடந்தது 2007-ல். அதற்கு முந்தைய வருடம் டூவீலரில் விழுந்து வலதுகால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. எனக்குத் தெரியாமல் அம்மா நேர்ந்துகொண்டுவிட்டாள். பிள்ளை எழுந்து நடந்தால் மூன்று வருடம் அவனைப் பழனிக்கு நடத்தியே கூட்டி வருவதாக. வேண்டிக்கொண்டது அவள், நடக்க வேண்டியது நான். நம் வீடுகளில் வேண்டுதல் எப்போதும் இப்படித்தானே.

முதல் வருடம் அம்மாவும் கூட நடந்தாள். அந்தக் காலோடு நான் எப்படி நடந்தேன் என்று இப்போது யோசித்தால் நம்ப முடியவில்லை. படி 693-ஐயும் ஏறி, மேலே போய் அந்த ஆண்டிக்கோலத்தைப் பார்த்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். நடிப்பில்லை. பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஆள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கூட்டம் கூடும்போது மின்சாரம் மாதிரி ஒன்று பிறந்து அத்தனை பேருக்குள்ளும் பாய்கிறது, மதம் என்பதன் வேரே அங்கேதான் இருக்கிறது என்று நூறு வருடத்துக்கு முன்னால் எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் சொன்னார். அவரைப் பற்றி நான் கேள்விப்பட்டது வெகு பிற்பாடு. அந்த மின்சாரத்தை வாங்கிப் பார்த்தவன் என்பதால் அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மூன்று வருடக் கணக்கு 2009-லேயே முடிந்துவிட்டது. நிறுத்தவில்லை.

2018 ஆடியில் அம்மா போனாள். அடுத்த தையில் தீட்டுக் கணக்கைச் சொல்லி வீட்டிலிருந்தேன். அதற்கடுத்த தையில் மறுபடி மாலை போட்டுக்கொண்டு நடந்தேன். பிள்ளையார்பட்டி தாண்டியதும் வழக்கம்போல் யாரோ “வெற்றிவேல் முருகனுக்கு” என்றார்கள். எல்லோரும் “அரோகரா” என்றார்கள். நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. சுவிட்சைப் போடுகிறோம், கரண்ட் இல்லை, அதுபோல. முருகன் மேல் கோபமா என்று ஒருவர் கேட்கக்கூடும். கோபம் இருந்தால் நன்றாயிருந்திருக்கும். கோபித்துக்கொள்ள எதிரே ஓர் ஆள் வேண்டும். எனக்கு அந்த இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதானே?

அம்மா இறந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன். சொந்தக்காரர்கள் வந்து சேர விடிந்துவிட்டது. அதற்கு முன்னால் இந்தக் குழுவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். பந்தல்காரரைப் பிடித்தது தையல்காரர். ஐஸ் பெட்டிக்குச் சொன்னது மளிகைக்கடைக்காரர். மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, இட்லிக்கடை ஆத்தா வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் இரண்டு பேர் வீட்டுக்குள் அதற்கு முன்னால் காலெடுத்து வைத்ததே இல்லை. ஏன் வைக்கவில்லை என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களிடம் போய், ‘எனக்கு இனி முருகன் இல்லை, நான் வரவில்லை’ என்று எப்படிச் சொல்வது?

*

ஒரு கூட்டத்துக்குள் ஒதுங்கி நிற்பது என்றால் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவது என்றுதான் நினைக்கிறோம். நான் அப்படியில்லை. எல்லோரையும்விட அதிகம் ஓடுகிறவன் நான்தான். வரவு செலவு நோட்டு என்னிடம். மருந்துப் பெட்டி என்னிடம். கொப்புளம் வந்த காலுக்கு ஊசியில் நூல் கோத்து உள்ளே செலுத்தி, நூலை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். நீர் நூல்வழியே வடிந்துவிடும், தோல் உரியாது, மறுநாள் நடக்கலாம். அதில் எனக்குக் கைராசி என்று பேர். போலீஸ்காரர்கள் கொடுக்கும் ஒளிரும் பட்டையை ஒவ்வொருவர் முதுகிலும் பையிலும் ஒட்டி விடுவது என் வேலை. அன்னதானப் பந்தலில் லெமன் சாதத்தைத் தட்டில் வாங்கிவந்து நடக்க முடியாதவர்களுக்குக் கொடுப்பது என் வேலை.

இதையெல்லாம் நான் ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். பஜனை நடக்கும்போது கையில் ஒரு வேலை இருந்தால் பாட வேண்டியதில்லை.

சிங்கம்புணரியில் விடியற்காலையில் ஒரு பூஜை உண்டு. பனி இறங்கிக்கொண்டிருக்கும். சூடம் காட்டும்போது கொத்தனார் சாமி ஒருவருக்கு அருள் வந்துவிடும். மற்ற நாட்களில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். உடம்பு முறுக்கிக்கொண்டு ஆடும், கண் மேலே செருகிவிடும். சுற்றி நிற்பவர்கள் அழுவார்கள். நான் அவர் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன், கீழே விழுந்துவிடக் கூடாதே என்று. அத்தனை பக்கத்தில் நிற்பேன். அவர் முதுகின் சூடு என் நெஞ்சில் தெரியும், இதயம் அடிப்பது தெரியும். அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடுகிறது தெரியுமா? இங்கிருந்து அடுத்த விலக்குக்குள் டீக்கடை திறந்திருப்பானா.

வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத. ஆனால் நடப்பது அதுதான்.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பாடாமல், ஆடாமல், அழாமல், வேலை மட்டும் செய்கிற ஆளைக் கூட்டம் எப்படிப் படிக்கும்? பக்தி இல்லாதவன் என்றா? அதுதான் இல்லை. “அவுகளுக்கு உள்ளுக்குள்ள பக்தி. வெளிய காட்ட மாட்டாக” என்றார்கள். அடுத்த வருடம் அது இன்னும் ஒரு படி ஏறியது. கல்லூரிப் பிள்ளைகள் கிளம்பும் அன்று குருசாமியிடம் விபூதி வாங்கிவிட்டு நேரே என்னிடம் வந்து காலில் விழுந்தார்கள். சத்துணவு ஆயா தன் பேத்தியைத் தூக்கி வந்து, “சாமி, ஒங்க கையால பூசி விடுங்க, ராத்திரியில பயந்து அழுகுது” என்றார். பூசினேன். பிறகு பிள்ளை நன்றாகத் தூங்குகிறதாம். அதை என்னிடம் வந்து சொன்னபோது அந்த அம்மாளின் கண்ணில் இருந்த நன்றியை நேருக்கு நேர் பார்க்க முடியாமல், மருந்துப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினேன்.

ஒதுக்கப்பட்டவனின் தனிமையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அது நியாயமான துக்கம். யாரும் ஒதுக்காமலே, தூக்கி மேலே உட்கார வைத்து, அங்கேயிருந்து இறங்க வழியில்லாமல் போவதும் ஒரு தனிமை. இதற்கு யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

*

இராவதி கார்வே என்ற மானிடவியல் பேராசிரியரைப் பற்றி ஒரு நண்பன் சொன்னான். புனே டெக்கான் கல்லூரியில் இருந்தவர். ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகும் வாரி என்ற பாதயாத்திரைக் கூட்டத்தோடு நடந்து, அதைப் பற்றி மராத்தியில் எழுதினார். அவர் நடந்த குழுவில் பிராமணர்களும் மராத்தாக்களும் இருந்தார்கள். ஒன்றாக நடந்தார்கள், ஒரே அபங்கத்தை, அதாவது மராத்தி பக்திப் பாட்டை, ஒரே குரலில் பாடினார்கள். சோறு மட்டும் தனித்தனியே சமைத்துத் தனித்தனியே சாப்பிட்டார்கள். அது அவரைத் துன்புறுத்தியது என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் குழுவில் உலை ஒன்றுதான், பந்தியும் ஒன்றுதான், அதில் எனக்குப் பெருமை உண்டு. யாருக்கும் பெயரே கிடையாது, எல்லோரும் சாமி. ஆனால் பழனியிலிருந்து திரும்பி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், மாலையைக் கழற்றுவதற்கு முன்பே, ‘சாமி’ கழன்றுவிடும். கொத்தனார் என்னைச் ‘சார்’ என்பார். நான் அவரைப் பேர் சொல்லி ஒருமையில்... இல்லை, இப்போது மாற்றிக்கொண்டுவிட்டேன், ஆனாலும் அவர் ‘சார்’தான். கார்வே பார்த்த கோடு நடக்கும்போது தெரிந்தது, எங்களுடையது நடை முடிந்த பிறகு தெரிகிறது. அந்த வகையில் இந்தக் குழுவில் என்னை மட்டும் தனியாள் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் கொழுப்புதான். ஆறு நாள் சாமியாக இருந்துவிட்டு ஏழாம் நாள் கொத்தனாராகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

*

2022-ல் நடை இல்லை. அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 18. கொரோனாவுக்காக ஜனவரி 14 முதல் 18 வரை கோயில்களில் யாரையும் விடவில்லை. முன்கூட்டியே போய்வந்த குழுக்கள் உண்டு, எங்கள் குருசாமி வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஒரு வருடம் நடிக்க வேண்டியதில்லை.

பூசத்துக்கு முந்தின நாள் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. நடையில் எழுப்புகிற நேரம் அது. மூன்றரைக்குக் கிளம்பினால்தான் வெயிலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டலாம். கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சுக்குக் காபி வாசம் வேண்டியிருந்தது. ஆத்தா இருட்டில் செருப்பில்லாமல் நடக்கும்போது “அப்பனே, அப்பனே” என்று மூச்சுக்கு மூச்சு சொல்லும் சத்தம் வேண்டியிருந்தது. வாத்தியாரின் குறட்டைகூட. கோயில் ஞாபகம் வரவே இல்லை. மூலவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன், காலண்டர் படம்தான் வந்தது.

அன்று குழப்பம் கூடியது. நான் இவர்களோடு ஒட்டவில்லை என்று நினைத்திருந்தேன். அது முழுப் பொய்யில்லை. ஆனால் இவர்கள் இல்லாமலும் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்காரி எழுந்து வந்து, “என்னங்க, கால் வலிக்குதா?” என்றாள். “நடக்காததால வலிக்குது” என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்துவிட்டுத் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

*

எங்கள் குட்டியானையை ஓட்டுவது ஒரு பாய். பத்து வருடத்துக்கு மேலாக எங்களோடு வருகிறார். வண்டியின் முகப்பில் முருகன் படம், வேல், வாழைக்கன்று, ஸ்பீக்கர். தொழுகை நேரம் வந்தால் ஓரங்கட்டிவிட்டு, குடத்திலிருந்து தண்ணீர் மோந்து ஒளு செய்துகொண்டு, தார்ப்பாயின் ஒரு முனையை விரித்துத் தொழுவார். யாரும் சொல்லாமலே ஒரு சாமி போய் ஸ்பீக்கரை நிறுத்திவிடுவார். தொழுகை முடிந்ததும் பாயே எழுந்து வந்து பாட்டைப் போட்டுவிடுவார், விட்ட இடத்திலிருந்து. பழனியில் மலை ஏற மாட்டார். அடிவாரத்தில் வண்டியில் தூங்குவார். நாங்கள் இறங்கி வந்ததும் முதல் பஞ்சாமிர்த டப்பா அவர் வீட்டுக்கு.

என் நோட்டில் 34 பேரோடு அவரைச் சேர்ப்பதில்லை. அடியில் தனி வரியாக ‘வண்டி – 1’ என்று இருக்கும்.

முருகன் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார். மற்றவன் தலைகளை எண்ணிக்கொண்டு கிடக்கிறான். இது எனக்கு உறைக்க ஏன் இத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை.

இந்த வருடம் ஒட்டன்சத்திரத்தில் தங்கிய இரவு. காய்கறிச் சந்தைப் பக்கம் கேரளாவுக்குப் போகிற லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. தூக்கம் வராமல் போய்ப் பாயின் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவரும் விழித்துத்தான் இருந்தார். கொசுவர்த்தியைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“பாய், எனக்கு இதுல ஒண்ணும் இல்ல பாய்.”

“எதுல சார்?”

“முருகன்ல. அம்மா போனதுலேர்ந்து. சும்மா நடக்கிறேன்.”

அவர் கண்ணாடி வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? அங்கிட்டுச் சொல்லுங்க.”

“வருத்தப்படுவாக.”

“நான் எத்தன வருசமா வர்றேன். எம்மேல வருத்தப்பட்டாகளா?”

“நீங்க வேற பாய்.”

“அதத்தான் சொல்றேன். நான் வேறன்னு அவுகளுக்குத் தெரியும்.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நான் இறங்கும்போது, “டீ குடிப்பமா? சந்தைக்குள்ள ஒரு கடை இருக்கும்” என்றார். போய்க் குடித்தோம். வெண்டைக்காய் மூட்டைகளுக்கு நடுவே நின்று, சர்க்கரை தூக்கலான டீ.

*

மறுநாள் விடியுமுன், சத்திரப்பட்டி நோக்கி நடக்கும்போது, குருசாமியின் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டேன். எழுபது வயது, குச்சி ஊன்றித்தான் நடக்கிறார், ஆனால் வேகம் குறையாது. கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு சொன்னேன். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம்.

“சாமி, எனக்கு இப்பல்லாம் சாமி கும்பிடும்போது ஒண்ணுமே தோண மாட்டேங்குது.”

அவர் நின்றுவிட்டார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. குச்சியை இடதுகைக்கு மாற்றிவிட்டு வலதுகையால் என் தோளைப் பிடித்தார்.

“எத்தன வருசமா?”

“ஏழெட்டு வருசமா.”

“சாமி,” குரல் தழுதழுத்தது. “அதுக்குத்தான சாமி அவனவன் தவங்கெடக்கிறான். எனக்கெல்லாம் கண்ண மூடுனா கடன்காரன் மொகம்தான் தெரியிது. சும்மா இருன்னு அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னதே இந்த நெலையத்தான.”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? ‘இல்லை சாமி, நான் சொல்வது அந்த ஒன்றுமில்லை இல்லை, இது வேறு ஒன்றுமில்லை’ என்றா? நம் பாஷையில் இல்லாமையைச் சொல்லப்போனால் அது ஞானத்தில் போய் முட்டுகிறது. இந்த மரபில் கதவுகள் எல்லாம் உள்பக்கமாகவே திறக்கின்றன. வெளியே போகிறேன் என்று தள்ளினால் இன்னும் உள்ளே ஓர் அறை.

சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார், என் சிரிப்பும் பக்குவத்தில் சேர்த்தி என்று நினைத்திருப்பார். பின்னால் வந்தவர்கள், “என்ன சாமி, என்ன சாமி” என்று கேட்டுக்கொண்டு அவர்களும் சிரித்தார்கள். எதற்கென்றே தெரியாமல் ஏழெட்டுப் பேர் நடுரோட்டோரம் நின்று சிரித்த அந்த அரை நிமிடம், சொல்லப்போனால், எனக்குப் பாரமாக இல்லை. ஆனால் அது நான் சொல்ல வந்தது கேட்கப்பட்டதால் இல்லை.

ஆயக்குடியில் கொய்யா வாங்கினோம். உப்பு மிளகாய்ப்பொடி தூவி வெட்டிக் கொடுத்தார்கள். குருசாமி தன் பாதியை எனக்குக் கொடுத்தார்.

*

பழனியில் முதலில் இடும்பன் மலைக்குப் போவது எங்கள் குழுவின் வழக்கம். அகத்தியர் சொல்லி இரண்டு மலைகளைத் தோளில் கட்டித் தூக்கி வந்தவன் இடும்பன். அதுதான் முதல் காவடி. களைப்பாறக் கீழே வைத்தான், மறுபடி தூக்க முடியவில்லை. மலைமேல் ஒரு பையன் நின்றுகொண்டு இது என் மலை என்கிறான். சண்டை வந்து இடும்பன் சாகிறான், பிறகு உயிர் பெற்றுக் காவலாளி ஆகிறான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. இந்த முறைதான் அவனைப் பார்த்து ஒன்று தோன்றியது. மலையைத் தூக்கி வரும் வழியில் இவனுக்கு முருகனைத் தெரியாது. யாரோ தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். அப்படியும் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இவனைக் கும்பிடுகிறார்கள். அங்கே மட்டும் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றேன். கும்பிட்டேனா என்று கேட்டால், கையைக் கூப்பித்தான் இருந்தேன்.

பிறகு பெரிய மலை. விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, நடந்து வந்தவர்கள் அதில் ஏறுவதில்லை. முட்டி வலிக்காரர்களுக்காக யானைப்பாதை. பூசக் கூட்டத்தில் தரிசனம் என்பது இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் நான் வழக்கம்போல் முருகனைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தேன். ஆத்தாவின் முகம். சுருக்கமெல்லாம் ஒரு பக்கமாக இழுபட்டு, உதடு நடுங்கி, இத்தனை நாளும் வைத்திருந்ததை யாரிடமோ கொடுத்துவிடுகிற முகம். என் அம்மா அங்கே நின்றபோதும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் அந்த வருடம் என் அழுகையில் இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி பஸ் ஸ்டாண்டில் சிறப்புப் பேருந்து பிடித்தோம். பாய் வண்டியோடு முன்னால் போய்விட்டார். ஏறி உட்கார்ந்ததும் வழக்கப்படி நோட்டை எடுத்தேன். முன் சீட்டிலிருந்து நர்சிங் படிக்கிற பெண் திரும்பிப் பார்த்து, “சித்தப்பா, இன்னிக்கு நான் எண்ணட்டுமா?” என்றாள். சாமி என்று கூப்பிடவில்லை. மலையிலிருந்து இறங்கியதும் அவளுக்கு நான் சித்தப்பாவாகிவிட்டேன். நோட்டைக் கொடுத்தேன்.

பஸ்ஸில் விளக்கை அணைத்துவிட்டார்கள். பாதிப் பேர் அதற்குள் தூங்கிவிட்டார்கள், போர்வைக்குள் யார் எவர் என்று தெரியவில்லை. அவள் பின் சீட்டிலிருந்து ஆரம்பித்தாள். பார்த்து எண்ண முடியாததால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு வந்தாள். வாத்தியார் முனகினார். கொத்தனார் சாமி, “ஏத்தா, தூங்க விடு” என்றார். பதினெட்டு, பத்தொன்பது. எனக்கு முன்னால் ஆத்தா, இருபது. பிறகு ஒரு கை என் உச்சந்தலையில் விழுந்தது. கொஞ்சம் பலமாகவே.

“இருபத்தொண்ணு” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சீட்டுக்குப் போனாள்.